பழைய குருமனையில் கை வைக்கும் முன்: சொத்துக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான திருமண்டலச் சொத்துக்குழு ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனையில், மாதர் சங்கக் கூடுகைக்கும் அசனப் பண்டிகை அரிசி வசூலுக்கும் நடுவே, அறிவிப்போடு அறிவிப்பாக ஒன்றை வாசித்தார்கள். நம் சபை வட்டாரமான இந்தச் சேகரத்தின் பழைய குருமனை, அதாவது ஐயர்மார் (மிஷனெரிகளையும் குருவானவர்களையும் இங்கே அப்படித்தான் அழைப்போம்) குடியிருந்த வீடு, "உபயோகத்துக்குத் தகுதியற்றது" என்று பொறியாளர் சான்று கொடுத்துவிட்டாராம். அதை அப்புறப்படுத்திவிட்டு அந்த இடத்தில் பல்நோக்கு மண்டபம் எழுப்ப உங்களுக்குத் தீர்மானம் அனுப்பியிருக்கிறார்களாம். அப்புறப்படுத்துவதாம்! குப்பையை அப்புறப்படுத்துவார்கள், வாசலை மறித்து நிற்கிற மாட்டை அப்புறப்படுத்துவார்கள். இடிக்கப் போகிறோம் என்று கோவிலுக்குள் நின்று சொல்ல வாய் கூசியிருக்கும் போல.

ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் செருப்பைத் தேடும்போது, புது மண்டபத்தில் எத்தனை கார் நிற்கும் என்பதுதான் பேச்சு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பேத்தி கல்யாணத்துக்கு மண்டபம் தேடி நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். ஊருக்கு மண்டபம் வேண்டும். அதை எங்கே கட்டலாம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் நீங்கள் கையெழுத்துப் போடப்போகிற அந்த வீட்டை உங்களுக்குக் காட்ட வேண்டும். உங்களில் பெரும்பாலோர் அதன் போர்டிகோவைத் தாண்டி உள்ளே போனதில்லை என்று நினைக்கிறேன்.

நான் இந்தச் சேகரத்தில் ஞானஸ்நானம் பெற்றவன். அரசு வேலையில் முப்பத்தொரு வருஷம் கட்டடம் பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் இந்த மடலில் பாதி பக்தி, பாதி கொத்து வேலை. பொறுத்துக்கொள்ளுங்கள். இதன் நகல் ஒன்று மாநில அரசின் மரபுக் கட்டட ஆணையத்துக்கும் போகிறது. கோள் சொல்வதற்காக அனுப்பவில்லை. அவர்களிடம் கேட்கவும் எனக்கு ஒன்று இருக்கிறது.

ஊரில் யாரும் அதைக் குருமனை என்று சொல்வதில்லை. பங்களா என்பார்கள். பஸ் கண்டக்டர்கூட "பங்களா ஸ்டாப்" என்றுதான் கூவுவார். தேரிமணலும் பனங்காடும் சூழ்ந்த மேட்டில், இங்கிலாந்து மிஷன் சங்கமான எஸ்.பி.ஜி. காலத்தில் எழுந்த வீடு. நீளப் பக்கம் இரண்டும் வடக்கையும் தெற்கையும் பார்க்கும். காலை வெயிலும் மாலை வெயிலும் அகலம் குறைந்த சுவர்களில் மட்டும் அடித்துவிட்டுப் போய்விடும். ஆனி ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று ஊரையே மண்ணால் மூடுகிற நாளில், அந்தக் கூடத்தில் மேற்குக் கதவைச் சாத்திவிட்டு மேல் ஜன்னல்களை மட்டும் திறந்து வைத்துப் பாருங்கள். மண் உள்ளே வராது, சூடு மேலே ஏறிப் போய்விடும். சுவர் இரண்டடி கனம். தெற்குத் தாழ்வாரத்தில் ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத உருண்டைத் தூண்கள். சிப்பியைச் சுட்டுத் தாளித்த சுண்ணாம்பை நாள்கணக்கில் அரைத்துப் பூசித் தேய்த்த தூண்கள் அவை. இன்றைக்கும் விரலால் தடவினால் முட்டை ஓட்டைத் தடவுகிற மாதிரி இருக்கும்.

நடுக்கூடத்துக்கு மெட்ராஸ் டெரஸ். இளைய பொறியாளர்களுக்காக ஒரு வார்த்தை. தேக்குக் கட்டைகளை நெருக்கி அடுக்கி, அதன்மேல் மெல்லிய செங்கல்லைச் சாய்வாட்டத்தில் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் தெளித்துத் தெளித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டுவார்கள். தட்டுகிற கட்டை துள்ளித் திரும்புகிற வரைக்கும் தட்ட வேண்டும். கட்டை துள்ளினால் தளம் இறுகிவிட்டது என்று கணக்கு. அதற்கு மேலே தட்டோடு. இரும்புக் கம்பியும் கிடையாது, சிமென்ட்டும் கிடையாது. பக்கத்து அறைகளுக்குப் பனங்கை போட்டு ஓடு வேய்ந்திருக்கிறது. நூறு வயசைத் தாண்டிய வைரம் பாய்ந்த பனை, ஆணி இறங்காது. கூடத்தை மனசுக்குள் கட்டியது சீமையிலிருந்து வந்த ஐயராக இருக்கலாம். கையால் கட்டியது நம் ஊர்க் கொத்தனும் நம் ஊர்ப் பெண்களும். அந்தத் தளத்தின் கணக்கு எந்த வெள்ளைக்காரப் புத்தகத்திலிருந்தும் வந்ததல்ல.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

சாப்பாட்டறையின் கிழக்குச் சுவரில், தரையிலிருந்து ஏழடி உயரத்தில் ஒரு துளை இருக்கிறது. கை நுழைகிற அளவு. அடைப்பதற்கு மறந்துபோன துளை என்று நினைப்பீர்கள். உத்திரத்தில் தொங்கிய பங்காவின், அதாவது ஆள் இழுத்து வீசுகிற பெரிய விசிறியின், கயிறு அந்த வழியாகத்தான் வெளித் தாழ்வாரத்துக்குப் போகும். அங்கே தரையில் உட்கார்ந்து ஒருவர் நாள் முழுக்க இழுப்பார். கை ஓய்ந்தால் காலில் மாட்டிக்கொண்டு இழுப்பார். எங்கள் பூட்டன் அந்த வேலை பார்த்தவர். பாட்டி சொல்லி எனக்குத் தெரியும். துளையின் கீழ் உதட்டில் ஒரு தேக்குக் கட்டையைப் பதித்திருக்கிறார்கள். அதில் கயிறு ஓடி ஓடி, சுண்டுவிரல் படிகிற ஆழத்துக்கு வழவழவென்று ஒரு தடம் விழுந்திருக்கிறது. தடம் நேராக இல்லை, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்து இழுத்திருக்க வேண்டும். எங்கள் பூட்டனுக்குப் படம் கிடையாது. கல்லறையில் கல் கிடையாது. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயரும் அதற்கு எதிரே ஒரு கீறலும் உண்டு, கையெழுத்துப் போடத் தெரியாதவரின் கீறல். அதுபோக அவர் இந்த உலகத்தில் வைத்துவிட்டுப் போனது அந்தத் தடம் ஒன்றுதான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், சேகரக் கமிட்டியில் ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "வெள்ளைக்காரன் சொகுசா இருந்த வீட்டை நாம ஏன் மாமா தூக்கிச் சுமக்கணும்?" நல்ல கேள்விதான். அந்த வீட்டில் சொகுசு இருந்தது. முன்வாசல் வழியே வந்தவர்கள் யார், பின்வாசலில் நின்றவர்கள் யார் என்று வீட்டின் அமைப்பே காட்டிக் கொடுக்கும். ஆபீஸ் அறைக்கு இரண்டு கதவு, ஜனங்களுக்கு ஒன்று, வீட்டாருக்கு ஒன்று. அடுப்படி தனியாக, முப்பதடி தள்ளி. அதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தம்பி, வீட்டை இடித்தால் போவது வெள்ளைக்காரன் பெயர் இல்லை. அவன் பெயர் லண்டனில் அறிக்கைகளாக அச்சாகி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. போகப் போவது துளைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆள்.

பின் தாழ்வாரமும் அப்படித்தான். அங்கேதான் எங்கள் பாட்டி ரேந்தை (லேஸ்) பின்னப் படித்தாள். தென் திருவிதாங்கூரில் மால்ட் குடும்பத்தார் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்த ரேந்தைப் பின்னல், அந்த வீட்டு மகள் எலைசா 1844இல் கால்டுவெல் ஐயரைக் கட்டிக்கொண்டு இடையன்குடிக்கு வந்தபோது கூடவே வந்து, அங்கிருந்து ஊர் ஊராகப் பரவியது. எங்கள் ஊருக்கு எந்த வழியில் வந்ததோ. தாழ்வாரத்துத் தரையில், வடக்கு வெளிச்சம் விழுகிற இடத்தில், தலையணையில் ஊசி குத்தி வைத்துப் பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்களாம். ஒரு பெண் தன் சம்பாத்தியம் என்று கையில் காசு வாங்கியது எங்கள் ஊரில் அந்தத் தாழ்வாரத்தில்தான் முதல் முறை என்பாள் பாட்டி. தாது வருஷப் பஞ்சத்தில், 1876இலும் 77இலும், கஞ்சி ஊற்றியதும் அங்கேதான் என்று அவள் மாமியார் சொல்லியிருக்கிறாள். கோவிலுக்கு ஞாயிற்றுக்கிழமை போனவர்கள், மற்ற ஆறு நாளும் பசிக்கும் வழக்குக்கும் காய்ச்சலுக்கும் போனது பங்களாவுக்கு.

சரி, பொறியாளர் சான்றுக்கு வருவோம். நகல் வாங்கிப் படித்தேன். இரண்டு பக்கம். ஐந்து படம். ஐந்தில் மூன்று போர்டிகோவின் விரிசல். ஐயா, போர்டிகோ இந்த வீட்டோடு பிறந்ததே இல்லை. கார் வந்த காலத்தில், தனி அஸ்திவாரம் போட்டு முன்னால் ஒட்டவைத்தது. தேரிமணலில் அது தன்பாட்டுக்கு இறங்குகிறது. இறங்குகிற போர்டிகோ நிற்கிற வீட்டை விட்டுப் பிரிகிறது. விரிசல் அந்த ஒட்டில்தான். அதற்காக வீட்டையே இடிப்பது, செருப்பு கடித்தது என்று காலை வெட்டுகிற வைத்தியம்.

மீதி இரண்டு படம் கூடத்துக் கூரையில் ஒழுகுகிற மூலை. அது உண்மையான நோய்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நோய் வீட்டுக்கு வயசானதால் வந்ததா? சில வருஷம் முன்னால் "புதுப்பிக்கிறோம்" என்று சுண்ணாம்புச் சுவரில் ஐந்தடி உயரத்துக்கு சிமென்ட் பூசினார்கள். மேல் தளத்தில் மூன்றங்குல கனத்துக்கு கான்கிரீட் போட்டார்கள். மூன்றங்குல கான்கிரீட் என்றால் நூறு சதுர அடிக்கு ஏறத்தாழ 1.7 டன் பாரம். கூடம் முழுவதற்கும் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அந்தக் கட்டைகள் அந்தப் பாரத்தைத் தாங்க என்று வைத்தவை இல்லை.

சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். மழைக்காலத்தில் தரையிலிருந்து ஈரம் ஏறும், வெயில் வந்தால் பூச்சு வழியே வெளியே போகும். வருஷம் ஒருமுறை வெள்ளையடித்தால் அதற்கு வேறு வைத்தியம் தேவையில்லை. அதன்மேல் சிமென்ட் பூசினால், வெளியேற வழியில்லாத ஈரம் உள்ளுக்குள்ளேயே மேலே மேலே ஏறும். சிமென்ட் முடிகிற ஐந்தடிக்கு மேலே இப்போது உப்புப் பூத்திருக்கிறதே, பார்த்தீர்களா? அதுதான் இது. நம் ஊர்க் கடலோர மண்ணில் உப்புக்குப் பஞ்சமா? உப்பு பூத்து இறுகும்போது செங்கல்லையே பொடியாக்கித் தள்ளும். ஈரம் உத்திரம் வரை எட்டிவிட்டால் சுவருக்குள் புதைந்திருக்கிற கட்டையின் நுனி அழுகும். கட்டை பார்வைக்கு முழுசாக இருக்கும், நுனியில் மட்டும் விரலால் நோண்டினால் உதிரும். கூடத்தின் அந்த மூலையில் நான்கு கட்டைகளுக்கு இந்த நிலை. ஏணி போட்டு ஏறி, குத்தூசியால் ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்துத்தான் சொல்கிறேன். நான்கு நுனியையும் வெட்டிப் புதுத் தேக்கு ஒட்டுப் போடலாம். வீட்டை இடிக்க வேண்டியதில்லை.

இவ்வளவு நிச்சயமாக எப்படிச் சொல்கிறான் என்று கேட்பீர்கள். நானே இந்தப் பாவத்தைச் செய்திருக்கிறேன். உத்தியோக காலத்தில், எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், நூறு வருஷப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மராமத்து எஸ்டிமேட் போட்டேன். அரசு விலைப்பட்டியலில் சிமென்ட் பூச்சுக்கு ரேட் இருந்தது. சுண்ணாம்பு அரைக்கிற ஆளை யார் தேடுவது என்று சிமென்ட் எழுதிவிட்டேன். திறப்பு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மூன்று மழைக்காலம். நான்காம் வருஷம் கூரைக் கட்டை நுனிகள் இறங்கிவிட்டன. "உபயோகத்துக்குத் தகுதியற்றது" என்று சான்று எழுதியதும் நான்தான். நோயையும் கொடுத்து, சாவுச் சீட்டையும் எழுதினேன். அதே வாசகத்தை ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்?

உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத ஒரு குருமனைக் கதை சொல்கிறேன். இங்கிலாந்தின் தெற்கே சசெக்ஸில் அல்ஃப்ரிஸ்டன் என்று ஒரு சிற்றூர். செயின்ட் ஆண்ட்ரூஸ் கோவிலை ஒட்டி, கூரை வேய்ந்து, ஓக் மரச் சட்டத்தில் நிற்கிற வீடு ஒன்று. 14ஆம் நூற்றாண்டு வீடு. பெயரே கிளர்ஜி ஹவுஸ், அதாவது குருமனை. நடுவில் கூரை வரைக்கும் திறந்த கூடம், இரண்டு பக்கமும் அறைகள், கிட்டத்தட்ட நம் பங்களாவின் கணக்குதான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது நம் வீட்டைவிட மோசமாகக் கிடந்தது. இடித்துக்கொள்ளலாம் என்று சபை மேலிடம் அனுமதியும் கொடுத்துவிட்டது. அந்த ஊர்க் குருவானவர் பெய்னன் என்பவர் சும்மா இருக்கவில்லை. பழங்கட்டடங்களைக் காக்க வில்லியம் மாரிஸ் 1877இல் தொடங்கிய சங்கத்தின் கதவைத் தட்டினார். அப்போதுதான், 1895இல், ஆக்டேவியா ஹில் அம்மையாரும் வேறு இருவரும் சேர்ந்து நேஷனல் டிரஸ்டைத் தொடங்கியிருந்தார்கள். மறு வருஷம், 1896இல், பத்துப் பவுண்டுக்கு அந்த வீட்டை டிரஸ்டு வாங்கியது. இன்றைக்கு இங்கிலாந்தில் அரண்மனை, கோட்டை, கடற்கரை என்று கணக்கில்லாமல் வைத்திருக்கிற அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடமே இடிக்கக் கிடந்த ஒரு குருமனைதான்.

எனக்கு அதில் பிடித்தது தரை. சுண்ணக்கல்லை இடித்துப் பரப்பி, புளித்த பாலை ஊற்றி இறுக்கியிருக்கிறார்கள். அவர்களுக்குப் புளித்த பால், நமக்குக் கருப்பட்டித் தண்ணீர். கையில் கிடைத்ததைச் சுண்ணாம்போடு சேர்த்துக் குடியிருக்கத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்கள்.

"அது அவர்கள் ஊர், பணம் இருக்கிறது" என்பீர்கள். நம் ஊரிலேயே பாருங்கள். இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் குடியிருந்த வீட்டை அரசே நினைவு இல்லமாக்கி 2011இல் திறந்தது. 1841இல் அந்த ஊருக்கு வந்தவர், 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்துக்கு அங்கிருந்துதான் தேடித் திரட்டினார். கோவிலுக்கு 1847இல் கல் போட்டு, 1880இல் பிரதிஷ்டை செய்தார், முப்பத்துமூன்று வருஷம். ஜன்னல் வளைவுகளைக் கொத்தனுக்குப் புரியவைக்கக் களிமண்ணில் செய்து காட்டினார் என்று அந்த ஊரில் சொல்வார்கள். தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரின் வீட்டைச் சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்களை வைத்துச் செப்பனிட்டு 2017இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். ஜெர்மனியின் ஹாலே நகரத்து நிறுவனம் கை கொடுத்தது. இரண்டும் நல்ல காரியம். இரண்டுக்கும் போய் வந்திருக்கிறேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பெரிய பெயர் குடியிருந்தால்தான் வீட்டுக்கு மதிப்பு என்று நாம் பழகிவிட்டோம். கால்டுவெல்லுக்கு மெரினாவில் 1968இல் சிலை வைத்தாயிற்று. போப் ஐயருக்கும் அதே கடற்கரையில் சிலை. சிலைக்கு மாலை போடுவது சுலபம், வருஷத்துக்கு ஒரு நாள் போதும். எங்கள் பங்களாவில் குடியிருந்த ஐயர்கள் யாரும் இலக்கணம் எழுதவில்லை. கணக்கு எழுதினார்கள், கிணறு வெட்டினார்கள், காய்ச்சலில் பிள்ளைகளைப் புதைத்தார்கள். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை வந்த பிறகு நம் ஐயர்மார் குடியேறினார்கள், அவர்கள் பிள்ளைகள் அந்தத் தாழ்வாரத்தில் கோலிக்குண்டு ஆடினார்கள், நானும் கூட ஆடினேன். நினைவு இல்லமாக்கி மார்பளவுச் சிலை ஒன்றை வைத்துப் பூட்டி, வாட்ச்மேன் சாப்பிடப் போய்விட்டார் என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிற இடமாக அது ஆவதையும் நான் கேட்கவில்லை. ஆள் புழங்காத வீட்டுக்குக் கறையான்தான் சொந்தக்காரன்.

இனி சட்டத்தைப் பற்றி ஒரு பயம் உலவுகிறது. "மரபுக் கட்டடம்னு எழுதிட்டா அரசாங்கம் எடுத்துக்கும், சுத்தி நூறு மீட்டருக்கு ஒரு கக்கூஸ்கூடக் கட்டவிடாது" என்று சேகரத்தில் ஒருவர் பீதி கிளப்பினார். நூறு மீட்டர் தடை என்பது மத்திய அரசின் தொல்லியல் துறை தேசிய முக்கியத்துவம் உள்ளதென்று அறிவித்த சின்னங்களுக்கு, 2010இல் திருத்திய சட்டப்படி. நம் பங்களாவை அந்தப் பட்டியலில் சேர்க்க யாரும் கேட்கவில்லை. மரபுக் கட்டடம் என்று பட்டியலில் எழுதினால் சொத்து சபையிடமே இருக்கும், புழக்கம் தொடரும். இஷ்டத்துக்கு இடிக்கவும் உருமாற்றவும் மட்டும் முடியாது. சென்னையில் அப்படிப் பட்டியல் இருக்கிறது. அண்ணா சாலையில் 1897இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006இல் இடிக்கத் தொடங்கி, வழக்காகி, 2010இல் இடிக்கக் கூடாதென்று உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது ஞாபகமிருக்கலாம். நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த பட்டியலில் இருந்த இடங்கள் 467. எல்லாம் சென்னைக்கு. தேரிக்காட்டுக்குள் பட்டியலோடு வந்தவர் எவரும் இல்லை.

ஆணையத்தாரிடம் நான் கேட்பது இதுதான். மரபு ஆணையச் சட்டத்தை 2012இல் சட்டமன்றம் நிறைவேற்றியது. நடைமுறைக்கு வரப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. வந்ததே சந்தோஷம். கோவில், கோட்டை, அரண்மனை என்று தொடங்குவீர்கள், தொடங்குங்கள். அதோடு தென்மாவட்டத்து மிஷன் பங்களாக்களையும் ஒரு சுற்று வந்து பார்த்து எழுதிவிடுங்கள். கோவிலைச் சபையார் எப்படியும் காப்பாற்றிவிடுவார்கள், கோபுரம் இருக்கிறதே. மெய்ஞ்ஞானபுரத்தின் 192 அடிக் கோபுரத்தையோ பாளையங்கோட்டை ஊசிக் கோபுரத்தையோ இடிக்க யாருக்கும் மனம் வராது. பக்கத்திலே தாழ்ந்து கிடக்கிற வீட்டுக்குத்தான் வக்காலத்து இல்லை. எத்தனை மிச்சம் என்று எண்ணியாவது வையுங்கள். எனக்குத் தெரிந்து நடந்து போகிற தூரத்தில் மூன்று இருந்தன, இப்போது ஒன்று.

சொத்துக்குழுவாருக்கு என் விண்ணப்பம்: தீர்மானத்தை ஆறு மாதம் கிடப்பில் போடுங்கள். அதற்குள் சுண்ணாம்புக் கட்டடம் தெரிந்த ஒரு பொறியாளரைக் கூப்பிட்டு இரண்டாவது சான்று வாங்குங்கள். பெரிய ஆபரேஷன் என்றால் இன்னொரு டாக்டரைக் கேட்பதில்லையா? வேலைக்கு ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள், காரைக்குடிப் பக்கம் சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் இன்றும் இருக்கிறார்கள். முதல் வேலையாக மேல் தளத்துக் கான்கிரீட்டை இறக்க வேண்டும். சம்மட்டியால் உடைக்காமல், சிறுசிறு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும். பிறகு சுவரில் சிமென்ட்டை உரித்து, ஒரு கோடை முழுக்கச் சும்மா காயவிட வேண்டும். இதற்குப் பணமே தேவையில்லை, பொறுமைதான் தேவை, அதனாலேயே இது யாருக்கும் பிடிப்பதில்லை. போர்டிகோவை வேண்டுமானால் எடுத்துவிடுங்கள். அதற்காக நான் அழ மாட்டேன்.

மண்டபம் கட்ட, பங்களாவுக்குக் கிழக்கே போர்டிங் ஸ்கூல் அடுப்படி இருந்த மனை சும்மா கிடக்கிறது. சாலைக்கும் அதுதான் பக்கம், கார் நிறுத்தவும் அங்கேதான் வசதி. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் படம் எடுக்க எங்கே போவார்கள் என்று நினைக்கிறீர்கள்? அந்தத் தூண்களுக்கு முன்னால்தான்.

பங்களாவில் என்ன செய்வது? கோவில் வெஸ்ட்ரியில் இரும்பு பீரோவில் ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகள் பூச்சி அரித்துக்கொண்டிருக்கின்றன. ஊரில் பாதிப் பேருக்குத் தாத்தாவின் பெயர் எழுத்தில் இருப்பது அங்கே மட்டும்தான். ஆபீஸ் அறையில் அவற்றை வைத்து, படம் பிடித்து, கேட்டு வருகிறவர்களுக்குக் காட்டலாம். கூடத்தில் மாலை நேரப் படிப்பு. பின் தாழ்வாரத்தில் வாரம் இரண்டு நாள் டாக்டர். புது ஐயருக்குப் புது வீட்டில் ஏசி இருக்கட்டும், அவரைப் பழைய வீட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் மனசில் வையுங்கள். இடிக்கிற காண்டிராக்டுக்கு வருகிற ஒருவர் கூலியே வேண்டாம் என்று சொன்னாலும் ஆச்சரியப்படாதீர்கள். ஒன்பதடி உயரக் கதவுகள் பதினெட்டு. எல்லாம் பர்மா தேக்கு. எந்த ரிசார்ட் வாசலில் போய் நிற்குமோ.

கையெழுத்துப் போடும் முன் ஒரு நாள் வந்து பாருங்கள். முன்கூட்டிச் சொல்ல வேண்டியதுகூட இல்லை. சாவி உபதேசியார் வீட்டில் தொங்குகிறது, கேட்டால் கொடுப்பார். கிழக்குத் தாழ்வாரத்துக்கு ஏணி நான் கொண்டு வருகிறேன். காலை எட்டு மணிக்கு முன்னால் வந்தால் நல்லது. வெயில் ஏறிவிட்டால் தாழ்வாரம் மறைத்துவிடும், துளைக்குள் கயிற்றுத் தடம் தெரியாது.

இப்படிக்கு,
சேகரத்தின் பழைய அங்கத்தினன்